பாட்டு ஏன் நின்றது?

எல்ல மலைகள் கண்ணுக்கு விருந்து. வானொலிக்கோ அவை தடை. பண்பலை அலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டிற் செல்பவை. இடையே ஒரு மலை நின்றால் மறுபுறத்து லயத்தில் ஒலி மங்கிவிடும். ஆதலின், 1925 டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பில் முறையாகத் தொடங்கிய வானொலியை, இன்று பிள்ளைகள் கணினியைத் திறந்து இணையத்தின் வழியே வீட்டுப் பெரியோருக்குக் கேட்பிக்க முடிகின்றது. நல்ல தொண்டுதான்!

ஆயின், பாட்டியார் ஆவலோடு கேட்டிருக்கும்போது பாட்டு நடுவில் நின்றுவிடுகிறதே, அப்போது என் செய்வது? "கணினி பழுது" என்று தீர்ப்புக் கூறி, பண்டாரவளைக்கோ பதுளைக்கோ அதனைத் தூக்கிச் செல்வதற்குமுன், குற்றம் நிலையத்திலா, வழியிலா, கணினியிலா என ஆராய்தல் வேண்டும். கூலிப் பணம் எளிதில் வருவதன்று.

முதலில் வேறொரு நிலையத்தைத் திறந்து பாருங்கள். அது பாடினால் நம் கணினிமேற் குற்றமில்லை. பழைய பக்கங்கள் சில 'ஃபிளாஷ்' என்னும் மென்பொருளை நம்பியிருந்தன. அதற்கான ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் நின்றது. அத்தகைய நிலையத்தின் புதிய முகவரியைத் தேடுக. "கேட்க வேண்டுமாயின் இதனை நிறுவுக" என அறியாத பக்கம் அழைத்தால் மட்டும் இணங்கற்க.

எந்த நிலையமும் விட்டுவிட்டுப் பாடினால், குற்றம் பெரும்பாலும் வழியில். கணினி சில வினாடி ஒலியை முன்னதாகச் சேர்த்து வைத்தே பாடுகின்றது. பீலியில் நீர் மெல்ல விழ, குடத்திலிருந்து விரைந்து மொண்டால் குடம் வற்றுமன்றோ? அதுவே இங்கும். வினாடிக்கு 64 கிலோபிட் ஒலி, ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 29 மெகாபைட் டேட்டாவை உண்ணும். 128 ஆயின் இருமடங்கு. குறைந்த அளவு கிடைப்பின் அதனையே தெரிவு செய்க. அதே இணைப்பில் தம்பி படம் பார்க்கின்றானா என்றும் நோக்குக. தகரக் கூரையும் சமிக்ஞையைத் தடுக்கும். ரவுட்டரைச் சன்னலோரம் வைத்தல் நன்று.

நேரம் ஓடுகின்றது, ஒலி மட்டும் இல்லையெனின், குற்றம் கணினியில். ஒலி அடக்கிய குறி பக்கத்திலோ கணினியிலோ இருக்கின்றதா? ஒலி, புளூடூத் ஹெட்போனுக்குப் போய்விட்டதா? இரண்டையும் பார்த்தபின் உலாவியை மூடித் திறவுங்கள். பின்னர்க் கணினியை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். இவையாவும் பயனற்றால் மட்டுமே கடைக்குச் செல்க.

மாணவர்களே, பழுதைக் கூறுகூறாகப் பிரித்துப் பார்க்கும் இம்முறை வானொலிக்கு மட்டுமன்று, எந்தக் கருவிக்கும் பொருந்தும். அதனைக் கற்றவன் வீட்டுப் பணத்தையும் காப்பான். பாட்டியாரின் மாலைப் பொழுதையும் காப்பான்.