உபகாரச் சம்பளமும் நம் கடமையும்

கல்வி பெறுதற்குப் பொருள் வேண்டும். பொருள் பெறுதற்கோ கல்வி வேண்டும். இச்சுழலினின்று ஏழை மாணாக்கரைக் கரையேற்றவே அரசாங்கத்தார் உதவித் தொகை வழங்குகின்றனர். முன்னாளில் இதனை உபகாரச் சம்பளம் என வழங்கினர். அப்பெயரின் முற்பாதியை மட்டும் மனத்திற்கொண்டு, கையேந்துதல் போலும் என்று நாணி விண்ணப்பஞ் செய்யாதார் நம்முட் சிலர் உளர். அந்நாணம் தகாது, விண்ணப்பிக்கும் பாரம் முழுவதையும் மாணாக்கர் தலையிற் சுமத்துதலும் தகாது என்பதே எம் கருத்து.

கூலி வேலை செய்வோரும் கடையிற் சோப்பு வாங்குங்கால் வரி செலுத்துகின்றனர். அவர்தம் மக்கள் பொதுப் பணத்திற் பங்கு கேட்பது இரப்பாகுமோ? பட்டியல் வகுப்பு மாணாக்கர்க்குரிய உயர்படிப்பு உதவியை இந்திய அரசாங்கத்தார் 1944-ஆம் ஆண்டிலேயே தொடங்கினர். நம் மாகாணத்தில், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு வழங்கப்பெற்ற உதவி, 2022-ஆம் ஆண்டில் உயர்கல்வி உதவியாக மாற்றப்பெற்றது. அரசாங்கப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்ற பெண்களுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டில் ஆடவர்க்கும் அவ்வாறே தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கிற்று. தாலிக்குப் பொன் ஈந்த கை ஏட்டிற்குப் பொருள் ஈயத் தொடங்கியமை சிறு மாறுதலன்று.

ஆயினும், அண்ணாமலைத் தீபம் நெடுந்தொலைவிற்குத் தெரியும். மலையுச்சிக்கு ஏறவோ வழியறிந்தார் துணை வேண்டும். உதவித் தொகையும் அத்தகையதே. வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு என வேண்டுவன பல. ஏடுகளிற் பெயரெழுத்து ஒன்று மாறுபடினும் தொகை தடைபடலாம். ஏனையோர் வட்டாட்சியர் அலுவலகத்திற் பெறும் சாதிச் சான்றினை, ஜவ்வாது மலையினின்று வரும் பழங்குடி மாணாக்கர் கோட்டாட்சியரிடம் பெறல் வேண்டும். அதன்பொருட்டு மலையிறங்கும் ஒவ்வொரு நாளும் தந்தைக்கு ஒரு நாட்கூலி போம்.

“தன் விண்ணப்பத்தைத் தானே நிரப்ப அறியாதவர் கல்லூரியில் என் செய்வர்?” என்பாரும் உளர். தந்தை பட்டதாரியாயின் அவ்வேலை வீட்டுத் திண்ணையிலேயே முடியும். குடும்பத்தில் முதன்முதற் கல்லூரி புகுவார்க்கு அங்ஙனம் கேட்டறிய ஒருவருமிலர். இஃது அறிவின் குறையன்று, துணையின் குறை. உதவி மிகவும் வேண்டுவார்க்கே அதனைக் கேட்டுப் பெறும் வழி மிகவும் அரிதாயிருத்தல் நன்றோ?

ஆதலின் மூன்று செயல்கள் வேண்டும். சேர்க்கை நடைபெறும் வாரத்திலேயே, துறைதோறும் ஓர் ஆசிரியர் புதிய மாணாக்கரின் சான்றுகளைப் பார்த்துக் குறைகளை எடுத்துரைத்தல் வேண்டும். முன்னரே தொகை பெற்ற மூத்த மாணாக்கர் இளையோர்க்கு அருகிருந்து விண்ணப்பம் நிரப்பித் தருதல் வேண்டும். தேர்வுக் கட்டணத்திற்கு நாள் குறித்தபடி வரும். உதவித் தொகையோ பிந்தியும் வரலாம். அவ்விடைவெளியிற் படிப்பு முறியாதிருக்க, பழைய மாணவர் சங்கத்தார் வட்டியில்லாக் கைம்மாற்று நிதியொன்று அமைப்பாராக. தொகை கைவந்தபின் மாணாக்கர் திருப்பிச் செலுத்துவர். அப்பணமே அடுத்தவர்க்கு உதவும்.

அரசாங்கத்தார் பொருளை ஒதுக்கலாம். அதனை மாணாக்கர் கையிற் சேர்ப்பிக்கும் கடைசி நடை நம்முடையதே. ஒரு தாள் குறைந்தமையால் ஒரு மாணாக்கர் படிப்பை விடுத்து ஊர் திரும்பினார் என்னும் சொல் இனி நம் கல்லூரியில் எழாதிருக்க முயல்வோமாக.