முதலில் நிற்கத் தெரிய வேண்டும்

ராஸ்பெரி பைக்கு ஒரு மோட்டார் போர்டை வடிவமைத்து எடுத்துவரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: பை இன்னும் முழுதாக எழாத நேரத்தில் உன் மோட்டார் என்ன செய்யும்? பெரும்பாலும் பதில் வராது. எத்தனை மோட்டார், எத்தனை ஆம்பியர், முன்னும் பின்னும் எப்படி ஓடும் என்பதையெல்லாம் கடகடவென்று சொல்லத் தெரிந்தவர்கள், அது நிற்பதைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள்.

பைக்கு மின்சாரம் கொடுத்ததிலிருந்து லினக்ஸ் எழுந்து நம் நிரல் ஓடத் தொடங்கும்வரை பல விநாடிகள் கழிகின்றன. அதுவரை ஜி.பி.ஐ.ஓ. பின்கள் சும்மா கிடப்பதில்லை. 0 முதல் 8 வரையுள்ளவை 3.3 வோல்ட்டை நோக்கி இழுக்கப்பட்டிருக்கும். 9 முதல் 27 வரையுள்ளவை பூஜ்யத்தை நோக்கி. மோட்டாரை இயக்க அனுமதிக்கும் கோட்டைக் கொண்டுபோய் 5-லோ 6-லோ இணைத்துவிட்டால், யாரும் சொல்லாமலே சக்கரம் சுழலும். மேசைமேல் இருக்கும் சின்ன வண்டி என்றால் கீழே விழும், அவ்வளவுதான். ஆனால், வடிவமைப்பைத் திறந்த மூலமாக வெளியிட்ட பிறகு அது எந்த ஊரில் எந்தக் கதவை, எந்தக் கன்வேயரை ஓட்டப்போகிறது என்பது நமக்குத் தெரியாது. அந்தக் கதவுக்கு அருகே ஒரு குழந்தையின் விரல் இருக்கலாம்.

இதற்கான மருந்து சில பைசா பெறும். அந்தக் கோட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். சிப்புக்குள்ளே இருக்கும் இழுப்பு ஏறத்தாழ 50 கிலோ ஓம்தான், ஆகவே வெளியில் போட்டதுதான் ஜெயிக்கும். 2, 3 என்ற இரண்டு பின்கள் மட்டும் விலக்கு. ஐ2சி-க்காக அவற்றில் 1.8 கிலோ ஓம் மேலிழுப்பு பையிலேயே இருக்கிறது. மோட்டாருக்கு அவற்றைத் தொடவே வேண்டாம்.

எழும்போது மட்டுமல்ல, நடுவழியில் பை உறைந்துபோகும்போதும் இதே ஆபத்து உண்டு. பல போர்டுகளில் இருக்கும் பி.சி.ஏ.9685 நல்ல சிப்தான்: 16 வெளியீடுகள், ஒவ்வொன்றிலும் 4096 படிகள். லினக்ஸ் வேறு வேலையில் மூழ்கினாலும் பி.டபிள்யூ.எம். துடிப்பு அதில் தடுமாறாது. ஆனால் பை செத்துப்போனாலும் அது கடைசியாகக் கேட்ட வேகத்தையே விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். அதனால் போர்டிலேயே ஒரு மைக்ரோகன்ட்ரோலரை வைப்பதே சரி என்பது என் கட்சி. பையிடமிருந்து 100 மில்லிவிநாடிக்குள் அடுத்த செய்தி வராவிட்டால் அது மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். 2021-இல் ராஸ்பெரி பை நிறுவனம் லெகோ மோட்டார்களுக்காகக் கொண்டுவந்த பில்ட் ஹேட்டிலும் மோட்டார் வேலையைக் கவனிப்பது ஆர்.பி.2040 என்ற மைக்ரோகன்ட்ரோலர்தான்.

டிரைவர் சிப் விஷயத்தில் நம் பிள்ளைகளுக்கு எல்298 மேல் தீராத பாசம். எங்கும் கிடைக்கிறது, விலையும் குறைவு. உள்ளே இருப்பவை பழைய வகை பைபோலார் டிரான்சிஸ்டர்கள். 1 ஆம்பியர் ஓடும்போதே 2 வோல்ட் அளவுக்கு அதிலேயே விழுந்து சூடாகப் போய்விடும். 6 வோல்ட் பேட்டரியில் அது மூன்றில் ஒரு பங்கு. மாஸ்ஃபெட் கொண்ட டி.பி.6612, டி.ஆர்.வி.8833 போன்றவற்றில் இழப்பு இதைவிட எவ்வளவோ குறைவு.

எதைத் தேர்ந்தாலும் கணக்கை ஓடும் மோட்டாரிலிருந்து தொடங்கக் கூடாது. தண்டைக் கையால் பிடித்து நிறுத்தினால் எவ்வளவு கரண்ட் இழுக்கும்? மல்டிமீட்டரில் மோட்டாரின் மின்தடையை அளந்து பாருங்கள். 2 ஓம் என்று காட்டினால், 12 வோல்ட்டில் 6 ஆம்பியர். சுமையில்லாமல் ஓடும்போது அரை ஆம்பியர்கூட இழுக்காத மோட்டார் அது. டிரைவரும், போர்டில் ஓடும் செம்புத் தடத்தின் அகலமும், கனெக்டரும் அந்த 6-க்குத் தாங்க வேண்டும். அந்தக் கரண்ட் திரும்பும் கிரவுண்ட் பாதை பையின் கிரவுண்டோடு பின்னிக்கொள்ளாமல் நேராகப் பேட்டரிக்குப் போக வேண்டும்; இல்லையென்றால் மோட்டார் திரும்பும் ஒவ்வொரு முறையும் பை மறுபடி முதலிலிருந்து எழும்.

இனி ‘திறந்த மூலம்’. ஜெர்பர் கோப்புகளை மட்டும் வெளியிட்டுவிட்டு அப்படிச் சொல்லிக்கொள்கிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஜெர்பர் என்பது தொழிற்சாலைக்கு அச்சடிக்கக் கொடுப்பது. அதை வைத்துப் போர்டைச் செய்யலாம், திருத்துவது பெரும்பாடு. கிகாட் மூலக்கோப்பு வேண்டும், மைக்ரோகன்ட்ரோலர் நிரல் வேண்டும், உரிமமும் வேண்டும். வன்பொருளுக்கென்றே செர்ன் எழுதிய உரிமம் இருக்கிறது. 2020-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் மூன்று வகைகள். திருத்தியவர்களும் திருத்தத்தைத் திறந்தே வைக்க வேண்டும் என்கிற வகையையே நான் பரிந்துரைப்பேன். பாதுகாப்புக்கான ஒரு திருத்தத்தை யாரோ ஒருவர் செய்தால் அது எல்லோருக்கும் திரும்பி வர வேண்டும்.

இவற்றோடு நான் வற்புறுத்துவது காரணங்களை. அந்த 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஏன் அங்கே இருக்கிறது என்று சர்க்யூட் படத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டால், செலவைக் குறைக்க நினைக்கும் அடுத்த ஆள் முதலில் கழற்றுவது அதைத்தான். கூடவே, மோட்டார் டெர்மினலுக்குப் பக்கத்தில் போர்டின் மேலேயே, சிப்பின் டேட்டாஷீட்டில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, விசிறி இல்லாமல் நீங்களே ஓட்டி அளந்த ஆம்பியரை அச்சிடுங்கள்.