புகழ்பெற்றோரின் மானமும் மானமே

ஒரு மனிதரின் உயிரும் பொருளும் எவ்வாறு காக்கப்பட வேண்டியவையோ, அவ்வாறே அவருடைய மானமும் காக்கப்பட வேண்டியதாகும். இறுதி ஹஜ்ஜின்போது ஆற்றிய பேருரையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இம்மூன்றையும் ஒருசேரக் குறிப்பிட்டு, அவற்றின் புனிதத்தை மக்களுக்கு உணர்த்தினார்கள். ஆயினும் ஒருவர் விளையாட்டு வீரராகவோ, நடிகராகவோ, அரசியல்வாதியாகவோ பெயர் பெற்றுவிட்டால், அவரை எவரும் எப்படியும் ஏசலாம் என்னும் எண்ணம் இன்று பரவிவிட்டது.

2021 அக்டோபர் 24 அன்று துபாயில் நடந்த உலகக் கோப்பை கிரிக்கெட் ஆட்டத்தில் இந்திய அணி பாகிஸ்தானிடம் பத்து விக்கெட்டுகளில் தோற்றது. பந்து வீசிய எவராலும் ஒரு விக்கெட்டைக்கூட வீழ்த்த இயலவில்லை. ஆனால் துரோகி என்னும் வசை முகம்மது ஷமியின் மீதே விழுந்தது. அவர் முஸ்லிம் என்பதே காரணம். அணித்தலைவர் விராட் கோலி அக்டோபர் 30 அன்று நிருபர்கள் முன்னிலையில் அதனை வன்மையாகக் கண்டித்தார். அதற்குப் பின், ஓராண்டுகூட நிறையாத அவருடைய மகளுக்கு இழிவான மிரட்டல் விடுக்கப்பட்டது.

தமிழகமும் இதற்கு விலக்கன்று. இலங்கைப் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரனின் வாழ்க்கைப் படத்தில் நடிக்க ஒப்புக்கொண்டதற்காக, 2020 அக்டோபரில் நடிகர் விஜய் சேதுபதிக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வேளையில் அவருடைய மகளைக் குறித்து நாவால் சொல்லத் தகாத மிரட்டல் ஒன்று சமூக ஊடகத்தில் வெளியாயிற்று. அந்தப் படத்தை எதிர்த்தோருக்கு அவர்களுடைய நியாயம் இருக்கலாம். ஆனால் அந்தச் சிறுமி செய்த குற்றம் யாது?

ஷமிக்கு நேர்ந்ததைக் கேட்டு நம் இல்லங்கள் வருந்தின. வருந்தியது முறையே. ஆனால் அதே ஷமியை நம்மவரும் ஏசியிருக்கின்றனர் என்பதை மறக்கலாகாது. 2016 டிசம்பரில் அவர் வெளியிட்ட குடும்பப் படத்தைக் கண்டு, மனைவியின் உடையைச் சுட்டி அவரைத் தூற்றியோர் முஸ்லிம்களே. 2025 மார்ச் 4 அன்று, ரமளான் மாதத்தில், துபாயில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த ஆட்டத்தின்போது அவர் பானம் அருந்திய காட்சி வெளியானது. உடனே வட நாட்டு மார்க்க அறிஞர் ஒருவர் அவரை ஷரீஅத்தின் பார்வையில் குற்றவாளி என்றார். பயணத்தில் இருப்பவர் நோன்பை விட்டுப் பின்னர் நோற்றுக்கொள்ளலாம் என்னும் சலுகை திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில், 184, 185 ஆம் வசனங்களில் தெளிவாகவே உள்ளது. வேறு அறிஞர்கள் அதனை எடுத்துக்காட்டி அவருக்காகப் பேசினர். அதற்குள் எத்தனையோ கைப்பேசிகளில் அவர் மானம் பறிபோயிருந்தது.

உண்மையிலேயே ஒருவர் தவறு செய்தால்தான் என்ன? நபிகளார் (ஸல்) காலத்தில் மது அருந்தியதற்காக ஒருவர் மீண்டும் மீண்டும் தண்டிக்கப்பட்டார். கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தபோது நபிகளார் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சான்று பகர்ந்தார்கள். இச்செய்தி புகாரி நூலில் உள்ளது. தண்டனை நிறைவேறிய குற்றவாளியையே சபிக்க அனுமதி இல்லையெனில், சந்தேகத்தின் பேரில் பிறரைத் தூற்ற நமக்கு உரிமை தந்தவர் யார்?

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றோர் பலர். துபாயில் எழுந்த பேச்சு அன்றிரவே நம் வீட்டுக் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. "நான் எழுதவில்லை; வந்ததை அனுப்பினேன்" என்று பலர் சமாதானம் கூறுகின்றனர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது மதீனாவில் நயவஞ்சகர்கள் அவதூறு கிளப்பியபோது, அதனை உண்டாக்கியவர்களோடு அல்லாஹ் நிறுத்தவில்லை. கேட்டதை ஆராயாமல் நாவுக்கு நாவு கடத்தி, அதனை அற்பமாக எண்ணியவர்களையும் 24 ஆம் அத்தியாயத்தில் கண்டித்தான். அது அவனிடத்தில் மிகப் பெரிது என்று எச்சரித்தான்.

பொதுவாழ்வில் இருப்போரைக் கேள்வி கேட்கலாகாது என்று நாம் சொல்ல வரவில்லை. அநீதிக்கு உள்ளானவர் வாய்விட்டு முறையிடுவதை மார்க்கம் அனுமதிக்கிறது. ஊருக்குச் சாலை வரவில்லையெனில் உறுப்பினரிடம் சாலையைப் பற்றிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அவருடைய பிறப்பையும் உருவத்தையும் வீட்டுப் பெண்களையும் இழுக்கத் தொடங்கினால் அது வசையாகிவிடுகிறது.

வாசகர்கள் ஒன்றை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அவனிடமே அழுது மன்னிக்கக் கோரலாம். அடியாருக்குச் செய்த குற்றத்திற்கோ அந்த அடியாரின் மன்னிப்பும் வேண்டும். பக்கத்து வீட்டாரை ஏசியவர் மறுநாள் கதவைத் தட்டிப் பொறுத்தருளக் கேட்கலாம். தொலைவில் வாழும் வீரரையோ நடிகரையோ ஏசியவர் எந்தக் கதவைத் தட்டுவார்? தொழுகையும் நோன்பும் தருமமுமாக மறுமைக்கு வந்தும், பிறரை ஏசியதாலும் அவதூறு கூறியதாலும் தம் நன்மைகளையெல்லாம் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையராய் நிற்பவரையே உண்மையான ஏழை என நபிகளார் (ஸல்) அறிவித்தார்கள்.

ஆகவே, ஏசப்பட்டவரை நேரில் அணுக இயலாதோருக்கு அறிஞர்கள் ஒரு வழி கூறியுள்ளனர்: அவருக்காகத் துஆச் செய்யுங்கள், எந்த இடத்தில் இழிவாகப் பேசினீர்களோ, அதே இடத்தில் அவரிடமுள்ள நல்லதை எடுத்துச் சொல்லுங்கள். இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும், கைப்பேசியில் முன்பு அனுப்பிய அத்தகைய செய்தி ஏதேனும் இருப்பின் அதனை நீக்குங்கள். யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கே அது தவறென்று எழுதுங்கள். பிள்ளைகள் முன்னிலையில் இதனைச் செய்தால், அவர்களும் கற்றுக்கொள்வர்.

பிறர் மானத்தைத் தம் மானமாகக் கருதும் நன்மக்களாக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.