நாட்டின் பெயரைக் கெடுப்பது யார்?

2024 மார்ச் 1 இரவு, ஜார்க்கண்டின் தும்கா மாவட்டத்தில், கணவருடன் மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றிவந்த ஸ்பெயின் நாட்டுப் பெண் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். உலகப் பத்திரிகைகள் எழுதின. சில நாள்களிலேயே 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு தரப்பட்டது. இந்தியாவில் பெண்கள் பயணம் செய்வதில் உள்ள ஆபத்தைப் பற்றி ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளர் எழுதியதும், தேசிய மகளிர் ஆணையத்தின் அன்றைய தலைவர், நாட்டை இழிவுபடுத்துவதாக அவர் மீதே பாய்ந்தார்.

அந்தப் பெண்ணுக்கு இழப்பீடு விரைவாகக் கிடைத்ததில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. அப்படித்தான் கிடைக்க வேண்டும். எங்கள் கேள்வி வேறு. 2020இல் ஹாத்ரஸில் 19 வயது தலித் பெண் செத்தபோது ஏன் அந்த வேகம் பிணத்தை எரிப்பதில் மட்டும் இருந்தது? நள்ளிரவில் எரித்தது காவல்துறை. பத்திரிகையாளர்களை ஊருக்குள் விடவில்லை. பிறகு, அரசின் பெயரைக் கெடுக்கச் சதி நடந்தது என்றார்கள்.

2018இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் ஆய்வு, பெண்களுக்கு மிக ஆபத்தான நாடு இந்தியா என்றது. அது வெறும் கருத்துக்கணிப்பு என்று அரசு ஒதுக்கித் தள்ளியது. சரி, அரசின் கணக்கையே எடுப்போம். 2022இல் பட்டியல் சாதியினர் மீதான குற்றங்களாகப் பதிவான வழக்குகள் மட்டும் 57,582. இதைச் சொன்னது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். இதுவும் வெளிநாட்டுச் சதியா?

பயணப் பாதுகாப்பு என்பது சுற்றுலாப் பயணியின் பிரச்சினை என்றே பேசப்படுகிறது. அண்ணல் அம்பேத்கர் தன் அனுபவங்களை எழுதியபோது அதற்கு வைத்த தலைப்பு 'வெயிட்டிங் ஃபார் எ விசா'. அதில் முதலில் வருவதே ஒரு பயணம்தான். 1901இல் அப்பாவைப் பார்க்கக் கிளம்பிய பிள்ளைகள் மகர்கள் என்று தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டை வாடகை கொடுத்து, வண்டியையும் தாங்களே ஓட்டிப் போனார்கள். கையில் சோறு இருந்தது. குடிக்கத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. 1934இல், பாரிஸ்டராகி, தோழர்களோடு தௌலதாபாத் கோட்டையைப் பார்க்கப் போனவரையும் குளத்தைத் தீட்டுப்படுத்தியதாக ஒரு கூட்டம் சூழ்ந்துகொண்டது. உள்ளே தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய காவலாளியை உடன் அனுப்பினார்கள். சொந்த நாட்டில் அவருக்குக் கிடைத்த விசா அதுதான்.

அது பழங்கதை என்பவர்கள் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூருக்குப் போய் வாருங்கள். 2025 பிப்ரவரியில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்றார்கள் குடும்பத்தினர்.

களப்பணிக்குப் போகும் இடங்களில் நாங்கள் பார்ப்பது இதுதான்: பஸ் ஊருக்குள் நிற்கும், காலனிக்கு வராது. கடைசி பஸ்ஸை விட்டு இறங்கும் கல்லூரிப் பெண்கள் ஊர்த்தெருவைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த அரை கிலோமீட்டருக்கு எந்த நாட்டுத் தூதரகமும் எச்சரிக்கை அறிக்கை விடுவதில்லை. பெற்றவர்கள்தான் விடுகிறார்கள்: "தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்துடு." சிலர் அதற்கும் பயந்து படிப்பையே நிறுத்திவிடுகிறார்கள்.

நாங்கள் கேட்பது சலுகை அல்ல. பஸ் காலனி வரை வரட்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேளுங்கள், தோழர்களே.

நாட்டின் பெயரைக் கெடுப்பது வெட்டியவன், எரித்தவன், மூடி மறைத்தவன். அதை வெளியே சொல்கிற நாங்கள் அல்ல.