கணிப்பொறி மன்றம்: திரையும் தாளும்

மின்கட்டணச் சீட்டு முதல் குடும்ப அட்டை வரை யாவும் வேற்றெழுத்தில் வரும் ஊர்களில் வாழும் நம்மவர்க்குத் தமிழில் பெயர் பொறித்து வரும் தாள் சங்கச் சந்தாச் சீட்டு ஒன்றே எனலாம். அச்சீட்டும் இன்று பல சங்கங்களில் இணையதளத்தின் வாயிலாகப் பி.டி.எஃப். கோப்பாகவே வருகிறது. அதில் 'தெய்வானை' என்னும் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் வெறுங்கட்டங்கள் நிற்கக் கண்ட அன்பர் பலர் உளர். தளத்தை அமைத்த இளைஞரைக் கேட்டால், "என் கணிப்பொறியில் சரியாகத்தான் வருகிறது, ஐயா" என்பார். அவர் கூறுவது பொய்யன்று.

திரையில் காணும் பக்கம் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் ஆக்கப்பட்டது. பார்ப்பவரின் கருவிக்கேற்ப அது நீளும், சுருங்கும். எழுத்துருவையும் பெரும்பாலும் அக்கருவியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்ட பி.டி.எஃப். இதற்கு நேர்மாறானது. எவ்வெழுத்து தாளில் எங்கே நிற்கும் என்பது அதில் முடிந்த முடிபு. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் வேலை, தளம் இயங்கும் சேவையகத்தில் நடைபெறுகிறது. இளைஞரின் கணிப்பொறியில் தமிழ் எழுத்துரு உண்டு. வாடகைச் சேவையகத்தில் பல வேளைகளில் இராது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவை அங்கே நிறுவிக் கோப்பினுள்ளும் பொதியச் செய்தால் கட்டங்கள் மறையும்.

இதனினும் நுட்பமான குறை ஒன்று உண்டு. யூனிகோடு முறையில் 'தெ' என்பது தகரம் முன்னும் கொம்பு பின்னுமாகவே சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னே கொணர்ந்து நிறுத்துவது எழுத்தை வரையும் நிரலின் கடமை. 'கொ' போன்றவற்றிலோ ஒரே குறியை இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைக்க வேண்டும். மாற்றுக் கருவிகள் சில இதனை அறியா. கொம்பைப் பின்னேயே விட்டுவிடும். எழுத்துரு இருந்தும் பயனில்லை.

ஆதலின், முழு உலாவியையே பின்னணியில் இயக்கி அச்சிடச் செய்வதே தமிழுக்கு ஏற்றது என்பது நம் கருத்து. குரோம் உலாவி 2017 முதல் திரையின்றி இயங்கவல்லது. நினைவகம் மிகுதியாக வேண்டும் என்பது அதன் குறை. சிறு சேவையகத்துக்கு வீசிபிரிண்ட் என்னும் இலவசக் கருவி பொருந்தும். அதுவும் தமிழைச் செம்மையாக வரையும்.

ஆண்டுக் கணக்கைப் போன்ற நீண்ட அட்டவணையாயின், தலைப்பு வரிசை ஒவ்வொரு தாளிலும் வருமாறும், வரிசை நடுவே முறியாதவாறும் விதிகளை எழுதிவிட வேண்டும். மொத்தத் தொகை மட்டும் அடுத்த தாளில் தனித்து நின்றால் பொதுக்குழுவில் கேள்வி எழாமல் இராது!

சோதனைச் சீட்டில் 'ராமன்', 'கமலா' என்று மட்டும் இட்டுப் பார்த்தல் போதாது. அவற்றில் கொம்பே இல்லை. 'தெய்வானை', 'பொன்னையா', 'கௌசல்யா' ஆகிய பெயர்களை இட்டுப் பார்க்க வேண்டும். பின்னர் அக்கோப்பைத் திறந்து, அதே பெயரைத் தட்டித் தேடியும் பார்த்தல் நலம். கண்ணுக்குச் செம்மையாகத் தோன்றும் பெயர் தேடலில் அகப்படாமற்போவதும் உண்டு. அகப்படாவிடின், பழைய சீட்டைக் கேட்டு வரும் உறுப்பினருக்காகச் செயலாளர் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்க நேரும்.