சலாம் மட்டும் போதுமா?

டிப்ளமோ சர்டிபிகேட் கைக்கு வருவதற்கு முன்பே பாஸ்போர்ட் எடுத்து வைத்திருப்பவர்கள் நம்மில் நிறைய பேர். சவுதி, துபாய், கத்தார் என்று ஆளுக்கொரு ஊர் சொல்கிறோம். டிராயிங் படிக்கத் தெரியுமா என்று கேட்டால் மார் தட்டுகிறோம். அரபி தெரியுமா என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் அங்க போனா தன்னால வந்துடும்டா" என்கிறோம். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என் மாமா பைப் ஃபிட்டர். 1996-ல் தம்மாம் போனார். போகும் முன் ஒரு சின்ன அரபிப் புத்தகத்தை மனப்பாடம் செய்தார். 'அஸ்ஸலாமு அலைக்கும்', 'கைஃப ஹாலுக்க' (நலமா?), 'ஷுக்ரன்' (நன்றி)... எல்லாம் மரியாதையான, சரியான அரபிதான். இரண்டாவது மாதம் செயின் பிளாக்கில் ஒரு பைப்பை இறக்கிக்கொண்டிருந்தபோது எகிப்துக்கார ஃபோர்மேன் "ஹாஸிப்! ஹாஸிப்!" என்று கத்தினார். ஹிந்திக்காரர் சொல்லும் 'ஹிசாப்' போல ஏதோ கணக்குக் கேட்கிறார் என்று நினைத்து மாமா அவர் பக்கம் திரும்பினார். இரண்டு ஃபிளாஞ்சுக்கு நடுவில் இடது கை நடுவிரல் பாதி போய்விட்டது. எகிப்துப் பேச்சில் 'ஹாஸிப்' என்றால் 'பார்த்து, ஜாக்கிரதை'! புத்தகத்தில் அந்த வார்த்தையே இல்லை.

ஆகவே என் கட்சி இதுதான். சலாமும் ஷுக்ரனும் வேண்டும். ஆனால் சைட்டில் நிற்கப் போகிறவன் முதலில் படிக்க வேண்டியது ஆபத்து வார்த்தைகளைத்தான். 'கதர்' என்றால் அபாயம் (நம் கதர் சட்டை அல்ல, தொண்டையிலிருந்து சொல்ல வேண்டும்). 'வக்கிஃப்' நிறுத்து. 'தஃப்பி' அணை. 'கஹ்ரபா' கரண்ட். 'ஃபோக்' மேலே, 'தஹ்த்' கீழே. 'யமீன்' வலது, 'யஸார்' இடது. கிரேன்காரரிடம் 'ஷ்வை ஷ்வை' என்றால் கொஞ்சம் கொஞ்சமாக என்று புரிந்துகொள்வார். எலெக்ட்ரிகல் நண்பர்கள் மூன்றாவதையும் நான்காவதையும் தூக்கத்திலும் சொல்லப் பழகுங்கள்.

அடுத்தது எண்கள். வாஹித், இத்னேன், தலாதா என்று வாயால் ஒப்பித்தால் போதாது, கண்ணாலும் படிக்க வேண்டும். அங்கேதான் வேடிக்கை! வளைகுடாவில் எழுதும் அரபி எண்களில் நம் சைபர் மாதிரி இருக்கும் வட்டம் ஐந்து. சைபருக்கு வெறும் புள்ளிதான் ('சைபர்' என்ற சொல்லே அவர்களுடைய 'ஸிஃப்ர்'தான்). நம் 7 போல இருப்பது ஆறு. ஆங்கில 'வி' போல இருந்தால் ஏழு, அதைக் கவிழ்த்தால் எட்டு. எழுத்து வலமிருந்து இடம் போகும், எண் மட்டும் நம்மைப் போல இடமிருந்து வலம்.

இது தெரியாவிட்டால் என்ன நஷ்டம்? சவுதி தொழிலாளர் சட்டப்படி ஒப்பந்தம் இரண்டு மொழியில் இருந்தால் அரபியில் உள்ளதுதான் செல்லும். சம்பளம் என்ன போட்டிருக்கிறது என்றாவது நாமே படிக்க வேண்டாமா? எமிரேட்ஸில் 2016 முதல் வேலை ஒப்பந்தத்தில் அரபி, ஆங்கிலத்தோடு தமிழையும் சேர்த்துக் கேட்டு வாங்கலாம். இது எத்தனை பேருக்குத் தெரியும்? சம்பளம் வரவில்லையா? 'மஆஷ்' சம்பளம், 'வேன்' எங்கே, 'ஷஹர்' மாதம், 'மாஃபி' இல்லை. "தலாதா ஷஹர், மஆஷ் மாஃபி" என்றால் இலக்கண வாத்தியார் முகம் சுளிப்பார், ஆனால் எதிரில் இருப்பவருக்கு மூன்று மாதச் சம்பளம் வரவில்லை என்று புரியும். 'புக்ரா' என்று பதில் வரலாம். அதற்கு 'நாளைக்கு' என்று அர்த்தம். எந்த நாளைக்கு என்று கேட்கத்தான் எண்கள்!

"மலையாளமும் ஹிந்தியும் போதும், மிச்சத்தை போன் மொழிபெயர்க்கும்" என்பார்கள். டீக்கடையில் போதும். சாரத்தின் மேல் நிற்கும்போது யார் போனை எடுப்பது?

ஒரு எச்சரிக்கை. தமிழில் எழுதி வைத்து மட்டும் படிக்காதீர்கள். இதயமும் 'கல்ப்', நாயும் 'கல்ப்', நம் எழுத்தில் வித்தியாசம் தெரியாது! காதால் கேட்க வேண்டும். மதரஸாவில் ஓதிய நண்பர்களிடம் உச்சரிப்புக் கேளுங்கள், சொல்லித் தருவார்கள். ஆனால் ஓதும் அரபி வேறு, பேச்சு வேறு. 'இப்போது' என்பது புத்தகத்தில் 'அல்ஆன்', வளைகுடாக்காரர் வாயில் 'அல்ஹீன்'. பயப்படவும் வேண்டாம். வசூல், பாக்கி, அசல், நகல், வக்கீல், மராமத்து எல்லாம் அரபியிலிருந்து வந்தவைதான். தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றவனுக்கு ('தாலுகா'வும் அப்படித்தான்) பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

வாரத்தில் ஒரு நாள், வகுப்பு முடிந்து அரை மணி நேரம், நம் யூனியனே இதற்கு ஏற்பாடு செய்யலாம். கேரம் போர்டு வாங்க ஆகும் பணம்கூட ஆகாது. மாமா அங்கே இருந்த பதினோரு வருஷத்தில் எழுதிச் சேர்த்த நோட்டு என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில் முதல் வார்த்தை 'ஹாஸிப்'. வேண்டுவோர் ஹாஸ்டலுக்கு வந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். அட்டை கிழிந்திருக்கிறது, பார்த்துப் புரட்டவும்.