விரலுக்கேற்ற வீக்கம்: ஒரு புறநகர் கிளப்பின் வரவு செலவுக் கணக்கு

மாண்டினீக்ரோவின் தலைநகரம் போட்கோரிட்சா. ஆனால் விமானத்தில் அந்த ஊருக்குப் போகிறவர்கள் முதலில் கால் வைப்பது கோலுபோவ்ட்சி என்ற புறநகரில். தலைநகரத்து விமான நிலையம் அங்கேதான் இருக்கிறது. இறங்கியவர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு, டாக்ஸி பிடித்து, நேராக நகரத்துக்குப் போய்விடுவார்கள். கோலுபோவ்ட்சியில் நின்று பார்க்க என்ன இருக்கிறது?

ஒரு கால்பந்து கிளப் இருக்கிறது. எஃப்.கே. ஸெட்டா. உலகத்தில் பெரும்பாலானவர்கள் கேள்விப்பட்டிராத இந்த கிளப்தான் சுதந்திர மாண்டினீக்ரோவின் முதல் கால்பந்து சாம்பியன்!

"ஆறு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் நாட்டில் சாம்பியன் ஆவது ஒரு பெரிய விஷயமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நாடு சின்னதாகிப் போனதால்தான் ஒரு புறநகர் கிளப்புக்குக் கோப்பை கிடைத்தது, ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை, அவ்வளவுதான் என்பது அவர்கள் வாதம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கைப் புரட்டிப் பார்த்தால் உதைக்கிறது.

பழைய ஏடு

போட்கோரிட்சாவுக்குத் தெற்கே ஸ்கேடார் ஏரி வரை விரிந்து கிடக்கும் சமவெளிக்கு ஸெட்டா என்று பெயர். மாண்டினீக்ரோவுக்கு முன்னோடியாக இடைக்காலத்தில் இருந்த அரசுக்கும் அதே பெயர்தான். கிளப்பும் அந்தப் பெயரைத்தான் சுமக்கிறது. தொடங்கியது 1927-இல். பெரிய யூகோஸ்லாவியா இருந்த காலம் முழுவதும் மேல் டிவிஷனை எட்டிப் பார்த்ததே இல்லை. பக்கத்தில் போட்கோரிட்சா நகரத்தில் புடுச்னோஸ்ட் என்ற பெரிய கிளப். அந்தப் பெயருக்கு 'எதிர்காலம்' என்று பொருள். எதிர்காலம் நகரத்தில் இருந்தது, புறநகர் கீழ் டிவிஷன்களில் காலம் தள்ளிக்கொண்டிருந்தது.

2000-இல் ஸெட்டா முதல் டிவிஷனுக்கு ஏறியது. அப்போது செர்பியாவும் மாண்டினீக்ரோவும் ஒரே நாடு. பெல்கிரேடின் ரெட் ஸ்டார், பார்ட்டிசான் ஆகிய இரண்டு ஜாம்பவான்களோடு மோத வேண்டும். ரெட் ஸ்டார் என்றால் 1991-இல் ஐரோப்பியக் கோப்பையையே தூக்கிய அணி. அவர்கள் வந்து விளையாடும் இடம் கோலுபோவ்ட்சியின் சின்னஞ்சிறு ட்ரெஷ்னிட்சா மைதானம்!

அந்த லீகில், 2004-05 பருவத்தில், ஸெட்டா பிடித்த இடம் எது தெரியுமா? மூன்றாவது. பார்ட்டிசான், ரெட் ஸ்டார், அடுத்தது ஸெட்டா. செர்பியாவின் மற்ற எல்லா கிளப்புகளும் இதற்குக் கீழேதான்.

நாடு பிரிவதற்கு ஒரு வருடம் முன்பே நடந்தது இது. ஆகவே சின்ன நாடு கிடைத்ததால் ஸெட்டா பெரிய ஆளாகவில்லை. பெரிய நாட்டிலேயே அது மூன்றாவது ஆள். இலுப்பைப் பூ வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

சுதந்திரம் தந்ததும் எடுத்ததும்

2006 மே 21 அன்று மாண்டினீக்ரோவில் வாக்கெடுப்பு. பிரிந்து போக 55 சதவீதம் வேண்டும். கிடைத்தது 55.5. அரை சதவீதத்தில் ஒரு நாடு பிறந்தது. ஜூன் 3 அன்று சுதந்திரப் பிரகடனம். அந்த ஆண்டே பன்னிரண்டு கிளப்புகளோடு சொந்த லீக் தொடங்கியது. 2007-இல் பருவம் முடிந்தபோது முதலிடத்தில் ஸெட்டா, இரண்டாமிடத்தில் 'எதிர்காலம்'.

வரவுப் பக்கத்தில் எழுத வேண்டியது இது: ஒரு தேசத்தின் முதல் சாம்பியன் என்ற பெயர். இனி யாராலும் அழிக்க முடியாது.

செலவுப் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. அதைப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. லீக் தனியானதும் ரெட் ஸ்டாரும் பார்ட்டிசானும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஒரு சின்ன கிளப்புக்கு வருடத்தில் கூட்டம் திரளும் ஆட்டங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. பெரிய அணி வரும் நாள்தான் டிக்கெட் விற்கும், ஸ்பான்சருக்கும் ஆசை வரும். அந்த நாட்கள் ஒரேயடியாகப் போயின. சந்தை சிறுத்துவிட்டது. கோப்பை அருகே வந்தது, கல்லாப்பெட்டி தூரப் போனது. சுதந்திரம் நல்லதா கெட்டதா என்பது அந்த மக்கள் வாக்குப் போட்டு முடிவு செய்த விஷயம், அதில் வெளியாட்கள் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் லாபத்தை மட்டும் எழுதிவிட்டு நஷ்டத்தை மறைத்தால் அதற்குப் பெயர் கணக்கு இல்லை.

சாம்பியன் தோற்றது யாரிடம்?

சாம்பியன் ஆனதால் 2007-இல் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று. முதலில் லிதுவேனியாவின் எஃப்.பி.கே. கவுனாஸ். இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 5-4 என்று ஸெட்டா வென்றது. அடுத்து வந்தது ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ்.

கிளாஸ்கோவில் இருக்கும் அவர்களுடைய ஐப்ராக்ஸ் ஸ்டேடியத்தில் சுமார் ஐம்பதாயிரம் பேர் உட்காரலாம். கோலுபோவ்ட்சி சுற்று வட்டாரம் மொத்தத்துக்கும் சேர்த்தே மக்கள்தொகை பதினாறாயிரம் அளவுதான். குழந்தை குட்டி, தாத்தா பாட்டி அத்தனை பேரையும் கொண்டுபோய் உட்கார வைத்தாலும் மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பும். அங்கே 2-0 என்று தோல்வி. திரும்பி வந்து ஆடியதில் 1-0. அந்த ஆட்டமும் சொந்த மைதானத்தில் நடக்கவில்லை, போட்கோரிட்சா நகர ஸ்டேடியத்தில் நடந்தது. வீட்டுக் கல்யாணத்தை அடுத்த வீட்டுப் பந்தலில் நடத்தியது மாதிரி.

இங்கே ஒரு விஷயம் உறுத்துகிறது. அந்த வருடம் ஸ்காட்லாந்தின் சாம்பியன் ரேஞ்சர்ஸ் அல்ல, செல்டிக். ரேஞ்சர்ஸ் இரண்டாமிடம். ஒரு நாட்டின் சாம்பியன் இன்னொரு நாட்டின் இரண்டாமவரிடம் தோற்று வெளியேற, அதற்கு 'சாம்பியன்ஸ்' லீக் என்று பெயர். பிறகு ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமே இதை யோசித்தது. 2009-10 பருவத்திலிருந்து தகுதிச் சுற்றை இரண்டாகப் பிரித்து, சாம்பியன்களுக்குத் தனிப் பாதையும் மற்றவர்களுக்குத் தனிப் பாதையும் போட்டது. ஸெட்டாவுக்கு அது இரண்டு வருடம் தாமதம். அதற்குள் கோப்பை வேறு கைகளுக்குப் போய்விட்டது.

மூன்று கிளப்புகள், ஐந்து வருடங்கள்

இனிதான் இந்தக் கட்டுரையின் உண்மையான கணக்கு வருகிறது. 2007 கோடையில் மோதிக்கொண்ட மூன்று கிளப்புகளையும் ஐந்து வருடம் கழித்துப் பாருங்கள்.

முதலில் கவுனாஸ். ஸெட்டாவிடம் தோற்ற அதே அணி, அடுத்த வருடம் 2008-இல் ரேஞ்சர்ஸையே சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் வெளியேற்றியது. பின்னால் இருந்தவர் விளாடிமிர் ரொமனோவ் என்ற பணக்காரர். அவர் ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் கிளப்பையும் கையில் வைத்திருந்தவர். 2009-இல் தகராறு முற்றி கவுனாஸ் மேல் டிவிஷனை விட்டே வெளியேறியது. 2012-இல் கிளப்பே இல்லாமல் போனது. 2013-இல் ஹார்ட்ஸும் கடனில் மூழ்கியது. ஒரே ஆளின் பர்ஸை நம்பிக் கட்டிய வீடு, பர்ஸ் மூடியதும் விழுந்தது.

அடுத்து ரேஞ்சர்ஸ். 2007-08 பருவத்தில் பார்சிலோனா, லியோன், ஸ்டுட்கார்ட் இருந்த பிரிவில் ஆடி, பிறகு யூஈஎஃப்ஏ கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போனது. அத்தனை பெருமை, அத்தனை ரசிகர்கள். 2012 பிப்ரவரியில் திவால் நடவடிக்கை. அதை நடத்திய கம்பெனி கலைப்புக்குப் போனது. புதிய கம்பெனி சொத்துக்களை வாங்கி, ஸ்காட்லாந்தின் நான்காவது டிவிஷனில், அடிமட்டத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்கியது. கம்பெனியும் உரிமையாளரும் சட்டத்தின் பார்வையில் வேறு வேறு என்று முதல் வருடமே காமர்ஸ் வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். கம்பெனியும் கிளப்பும் ஒன்றா வேறா? அந்தக் கேள்வியைக் கிளாஸ்கோவில் கேட்டால் இன்றும் சண்டை வரும்!

மூன்றாவது ஸெட்டா. அதே 2012-இல் அது எங்கே இருந்தது? முதல் டிவிஷனில். அது மட்டுமா... யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் ஆர்மீனியாவின் பியூனிக், ஃபின்லாந்தின் ஜே.ஜே.கே., போஸ்னியாவின் சரயேவோ என்று மூன்று அணிகளைத் தாண்டி, பிரதான சுற்றுக்கு ஒரே ஒரு படி கீழே நின்றது. கடைசிப் படியில் நெதர்லாந்தின் பி.எஸ்.வி. ஐந்தோஃபன். முதல் ஆட்டத்தில் 5, இரண்டாவதில் 9. மொத்தம் 14-0.

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் 14 கோல் வாங்கிய அணி வீடு திரும்பி அடுத்த வாரம் உள்ளூர் லீகில் மறுபடி ஆடியது. வாங்கிய கோலுக்கு வட்டி கிடையாது. கடனுக்கு உண்டு.

கோப்பை எண்ணிக்கையால் மட்டும் கிளப்புகளை அளக்கும் பழக்கம் தவறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. மாண்டினீக்ரோவுக்குள்ளேயே பாருங்கள். கடற்கரை ஊரான புட்வாவின் மோக்ரன் 2009-இலும் 2011-இலும் சாம்பியன். ஸெட்டாவைவிட ஒரு கோப்பை அதிகம். 2015-இல் முதல் டிவிஷனிலிருந்து விழுந்தது. ஒற்றைக் கோப்பை வைத்திருந்த ஸெட்டா அதன் பிறகும் ஏழு வருடம் அங்கே நின்றது. விரலுக்கேற்ற வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னது கால்பந்துக்கும் பொருந்துகிறது. அகலக்கால் வைத்தவர்கள் முதலில் விழுந்தார்கள்.

இப்போது என்ன செய்யலாம்?

ஆனால் சிக்கனம் ஒன்றே எல்லாவற்றுக்கும் மருந்து என்று முடித்துவிட முடியாது. 2021-22 பருவத்தின் முடிவில் ஸெட்டாவும் முதல் டிவிஷனை விட்டு இறங்கியது. அந்த 2022-ஆம் ஆண்டுதான் இன்னொன்றும் நடந்தது. அதுவரை போட்கோரிட்சாவின் பகுதியாக இருந்த அந்தப் புறநகர், ஸெட்டா என்ற பெயரிலேயே தனி நகராட்சி ஆனது. நாடு தனியானபோது கிளப் உச்சிக்குப் போனது. ஊர் தனியானபோது கிளப் கீழே வந்தது.

புது நகராட்சிக்குச் சாலை, குடிநீர், பள்ளிக்கூடம் என்று ஆயிரம் செலவு. கால்பந்து கிளப்புக்கு எதற்குப் பணம் என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். வெளியூர் ஆட்டக்காரர்களை வாங்கிக் குவித்து மறுபடி கோப்பை வாங்கப் பணம் தருவது கண்டிப்பாகத் தவறு. கவுனாஸ் போன வழி அது. ஆனால் மைதானத்தையும் பிள்ளைகளுக்கான பயிற்சியையும் காப்பாற்றுவது வேறு. முன்னது செலவு, பின்னது முதலீடு.

இதற்கு உணர்ச்சியைத் தாண்டிய ஒரு காரணமும் இருக்கிறது. உலகக் கால்பந்து சம்மேளனத்தின் விதிப்படி, ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்தில் பணத்துக்கு வேறு நாட்டு கிளப்புக்கு மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பங்காகப் போக வேண்டும். வருமானத்துக்கு உத்தரவாதம் இல்லைதான். ஆனால் டிக்கெட்டுக்குக் கூட்டமில்லாத ஊரில் ஒரு கிளப்புக்குத் திறந்திருக்கும் மிக நேர்மையான கதவு அதுதான். ஊர்ப் பையன்களுக்கு மாலையில் ஓடியாட ஓர் இடம் இருப்பதன் மதிப்பை எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் எழுத முடியாது என்பது தனிக் கதை.

புறநகர் கிளப்புகளின் காலம் முடிந்துவிட்டது என்பவர்களுக்கு ஒரு தகவல். போட்கோரிட்சாவுக்குப் பக்கத்தில் டூஸி என்று இன்னொரு சிற்றூர். அதுவும் 2018-இல்தான் தனி நகராட்சி ஆனது. அங்கே டெச்சிச் என்று ஒரு கிளப், 1926-இல் தொடங்கியது, ஸெட்டாவுக்கு ஒரு வயது மூத்தது. 2023-24 பருவத்தில் மாண்டினீக்ரோவின் சாம்பியன் யார் என்று நினைக்கிறீர்கள்? அந்த டெச்சிச்தான். தொண்ணூற்றெட்டு வருடம் காத்திருந்து வாங்கிய முதல் கோப்பை.

காத்திருப்பதற்கு முதலில் உயிரோடு இருக்க வேண்டும். ஒரு சின்ன கிளப்பிடம் அதன் ஊர் கேட்க வேண்டியதும் அவ்வளவுதான். கோப்பை வந்தால் சந்தோஷம். வராத வருடங்களிலும் சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்தின் கதவு திறந்திருந்தால் போதும்.